வெப்சைட்டுக்கு ‘தீம்’ என்றால் தமிழில் கோலம்

“தீம் மாத்திருவோமாண்ணே?” என்று கேட்டால் விளக்குத்தூண் பக்கத்துச் சுங்குடிக் கடைக்காரருக்கும் புரிகிறது. தீம் என்றால் வெப்சைட்டின் மொத்தத் தோற்றம். மதுரையில் வெப்சைட் செய்து கொடுக்கும் எங்களுக்கு நாள் முழுக்க வாயில் கிடக்கும் சொல் அது. ஆனால் தமிழில் எழுதும்போது பலர் அதைக் ‘கருப்பொருள்’ ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘தேமா’ என்றால் வைக்கப்பட்டது. (நம் நேர்நேர் தேமாவுக்கும் இதற்கும் உறவில்லை.) லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பேசும் பொருள் என்றானது, பிறகு இசையில் திரும்பத் திரும்ப வரும் மெட்டையும் குறித்தது. 1995-இல் விண்டோஸ் 95-க்கு வந்த ‘பிளஸ்’ தொகுப்பில் படம், நிறம், ஒலி எல்லாம் ஒரே பாணியில் அமைந்த தீம்கள் இருந்தன. வெப்சைட் செய்ய உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்குத் தீம் வந்தது 2005 பிப்ரவரியில், 1.5 பதிப்பில்.

இந்தப் பயணத்தில் பொருளே புரண்டுவிட்டது. கட்டுரையின் தீம் உள்ளே இருப்பது. வெப்சைட்டின் தீம் மேலே உடுத்துவது. தொல்காப்பியம் சொல்லும் கருப்பொருளோ தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று நிலத்தோடு ஒட்டியவை. கழற்றி மாட்ட முடியாதவற்றின் பெயரை, ஒரே சொடுக்கில் மாறுவதற்கு எப்படி வைப்பது?

நம் ஊரில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது. சித்திரையில் அழகர் மலையிலிருந்து கள்ளர் திருக்கோலத்தில் புறப்படுகிறார். ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரக் கோலங்கள். கோலம் மாற மாற, அழகர் அதே அழகர். வெப்சைட்டும் அப்படித்தான்: எழுத்தும் விலைப்பட்டியலும் டேட்டாபேஸில் அப்படியே இருக்க, மேலே உள்ளது மாறும். வாசல் கோலம் நினைவுக்கு வருமே என்பார்கள். வரட்டும், அதுவும் தோற்றம்தானே.

கோலம் என்று வைத்தால் ‘சைல்ட் தீம்’ தானாகச் சேய்க்கோலம் ஆகிறது. ஒரு தீமைத் தாயாக வைத்து, நம் மாற்றங்களை மட்டும் தனியே எழுதி வைப்பது அது. அதன் அருமை எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ஒரு துணிக்கடைக்காகத் தாய்க்கோலத்தின் கோப்புகளிலேயே நிறத்தை மாற்றி, வாட்ஸ்அப் பொத்தானையும் சேர்த்திருந்தேன். சனிக்கிழமை இரவு அப்டேட் கொடுத்தேன். காலையில் போன்: “தம்பி, கடைப் பேர் அரக்குச் சிவப்புல இருந்துச்சே, எங்க? பொத்தானையும் காணோமே!” புதுப்பிப்பு வந்தால் பழைய ஃபோல்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும், நாம் கைவைத்த வரிகள் அதோடு போய்விடும்.

சேய்க்கோலத்துக்குத் தனி ஃபோல்டர். அதில் நிறம் முதலான தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல் கோப்பின் தலைப்பில் ‘டெம்ப்ளேட்’ என்ற வரியில் தாயின் ஃபோல்டர் பெயரை எழுதினால் உறவு அமைந்துவிடும். அப்புறம் தாயை எத்தனை முறை புதுப்பித்தாலும் அரக்குச் சிவப்பு அங்கேயே இருக்கும்.

‘கஸ்டமைஸ்’ என்பதற்குத் தனிப்பயனாக்கம் என்கிறார்கள். எனக்கு ‘அளவுக்குத் திருத்துவது’ போதும். தையற்கடையில் சொல்வது போலத்தான்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தாயில் பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் டெம்ப்ளேட் கோப்பு எதையாவது சேய்க்கு நகலெடுத்திருந்தால், அந்த நகலுக்குப் புதுப்பிப்பு வராது. அதனால் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.