செல்ஃப் ஒயர் ஏன் எரிகிறது? பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

"செல்ஃப் ஒயர் எரிஞ்சுடுச்சு, ஒரு ஒயர் மாத்திக் குடுத்துடுங்க." பழைய கார்க்காரர்கள் பலர் கடைக்குள் நுழையும்போதே சொல்வது இதுதான். ஒயர் மாற்றுவது சின்ன வேலை. ஆனால் அந்த ஒயர் தானாக எரியவில்லை. தன்னால் தாங்க முடியாத கரண்ட் அதில் போயிருக்கிறது, இல்லையென்றால் நடுவில் ஒரு ஜாயின்ட் சூடாகியிருக்கிறது. அது ஏன் என்று பார்க்காமல் புது ஒயர் போட்டால் புதுசும் எரியும். இரண்டாவது முறை எரியும்போது பக்கத்தில் ஓடும் ஒயர்களையும் சேர்த்து உருக்கிவிடும்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். செல்ஃப் மோட்டாருக்கு இரண்டு ஒயர் வருகிறது. ஒன்று, பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக வரும் தடித்த கேபிள். சிறிய பெட்ரோல் காரிலேயே செல்ஃப் அடிக்கும்போது இதில் 100 ஆம்பியருக்குப் பக்கமாக ஓடும். மோட்டார் சுற்றத் தொடங்கும் அந்த நொடியில் இன்னும் பல மடங்கு. டீசல் வண்டியில் இதைவிட அதிகம். இவ்வளவு கரண்ட் போவதால் பொதுவாக இந்தக் கேபிளுக்கு ஃப்யூஸ் கிடையாது. சாவியை அணைத்தாலும் இதில் கரண்ட் இருக்கும். நிறுத்தி வைத்த வண்டியிலும் இது உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று, சாவி ஸ்விட்சிலிருந்து சோலினாய்டுக்கு (சாவி திருகியதும் பேட்டரி கரண்டை மோட்டாருக்குச் சேர்த்துவிடும், மோட்டார் மேலேயே இருக்கும் காந்த ஸ்விட்ச்) வரும் மெல்லிய ஒயர். "செல்ஃப் ஒயர்" என்று சொல்லி எரிந்த நிலையில் என்னிடம் கொண்டுவருவது பெரும்பாலும் இதைத்தான்.

இந்த மெல்லிய ஒயர் எரிவதற்குக் காரணம் சோலினாய்டின் உள்ளே இருக்கிறது. அதில் இரண்டு காயில் (கம்பிச் சுருள்). ஒன்று பிளஞ்சர் என்ற நகரும் இரும்புத் தண்டை இழுப்பதற்கு, மற்றது இழுத்த இடத்திலேயே பிடித்து வைப்பதற்கு. இழுக்கும் காயில் 30 ஆம்பியருக்கு மேல்கூட எடுக்கும், ஆனால் கண் இமைக்கும் நேரம்தான். பிளஞ்சர் உள்ளே போய் செம்புத் தகடு பேட்டரி கேபிள் போல்ட்டையும் மோட்டார் போல்ட்டையும் சேர்த்ததும், அந்தக் காயிலின் இரு முனையிலும் ஒரே வோல்ட் வந்துவிடும், கரண்ட் நின்றுவிடும். பிறகு பிடிக்கும் காயில் மட்டும் 10 ஆம்பியர் அளவில் வேலை செய்யும். நல்ல அமைப்பு.

தகடு தேய்ந்து கரியாகி, சரியாகச் சேராமல் போனால் என்ன ஆகும்? இழுக்கும் காயிலின் கரண்ட் நிற்கவே நிற்காது. வெளியே 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும், மோட்டார் சுற்றாது. ஓட்டுபவர் சாவியை விடாமல் திருகிப் பிடித்துக்கொண்டே இருப்பார். ஒரு நொடிக்கு மட்டும் கணக்குப் போட்டு வைத்த ஒயரில் 30 ஆம்பியர் தொடர்ந்து ஓடும். சாவி ஸ்விட்சின் உள் பாயின்ட், ஒயர்களைச் செருகி இணைக்கும் கப்ளர், ஒயர், எது பலவீனமோ அது முதலில் போகும். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் சாவியை விட்டுவிடுங்கள். எடுக்கும் வண்டியிலும் 10 நொடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்கக் கூடாது. அரை நிமிடமாவது விட்டு அடியுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் பழைய கார்புரேட்டர் மாருதி 800-ஐ கட்டி இழுத்துக் கொண்டுவந்தார். டேஷ்போர்டுக்குக் கீழே புகை வந்திருக்கிறது. "தம்பி, ஒயர மாத்துனா சரியாப் போயிருங்களா?" என்றார். திறந்து பார்த்தால், எப்போதோ அலாரம் மாட்டியவர்கள் செல்ஃப் ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். அந்த முறுக்கல்தான் கருகியிருந்தது. அதைப் பார்த்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த முறுக்கல் பல வருடமாக அங்கேதான் இருந்திருக்கிறது. இப்போது மட்டும் ஏன் எரிய வேண்டும்?

"வேற ஏதாச்சும் கோளாறு இருந்துச்சுங்களா?" என்று கேட்டேன். கிளட்ச் கொஞ்ச நாளாக இறுகி வருகிறது என்றார். மாற்றிய புது கேபிள்கூட இறுகிவிட்டதாம். எனக்கு அதுதான் உண்மையான தடயமாகப் பட்டது.

இன்ஜின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் பேட்டரி நெகட்டிவையும் எர்த் கேபிளால் இணைத்திருப்பார்கள். செல்ஃபுக்குப் போன கரண்ட் முழுவதும் அந்த வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த எர்த் கழன்றாலோ துருப்பிடித்தாலோ, கரண்ட் வேறு வழி தேடும். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் போல இன்ஜினையும் பாடியையும் தொடுகிற கம்பி எல்லாம் எர்த் ஒயராகிவிடும். உள்ளே உள்ள பிளாஸ்டிக் உறை உருகி, கேபிள் இறுகும். ஆக்சிலரேட்டர் கேபிள் இப்படி இறுகினால் ஓடுகிற வண்டியில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வண்டியில் கியர்பாக்ஸில் இருக்க வேண்டிய எர்த் கேபிளே இல்லை. கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியபோது கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. எர்த் சரியில்லாததால், சோலினாய்டு இழுக்கும், மோட்டார் லோடு வந்ததும் வோல்ட் விழும், சோலினாய்டு விட்டுவிடும், மறுபடி இழுக்கும். அந்த டக-டக-டக அடியில் ஒவ்வொரு முறையும் தீப்பொறி பறந்து தகடு கரிந்துபோனது. தகடு போனதும் மேலே சொன்ன கதை. கடைசியில்தான் அலாரம்காரர் முறுக்கிய இடம் எரிந்தது. அதை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று தெரியாது.

இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆனால் பீப் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு "ஒயர் நல்லா இருக்கு" என்று சொல்லும் பழக்கத்தை விட வேண்டும். தடித்த கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். லோடு கொடுத்து, அதாவது செல்ஃப் அடித்துக் கரண்ட் ஓடும்போது, வோல்ட் இழப்பைப் பார்ப்பதுதான் சரியான வழி.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தில் வையுங்கள், மேலே மாட்டிய கிளாம்பில் அல்ல. மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில் வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அப்புறம் பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இதே சோதனை, 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. தலைமையாசிரியர் வண்டியில் தற்காலிக ஒயர் கொடுத்து, எப்போதாவது ஒருமுறை மோட்டார் சுற்றிய நேரத்தில் பார்த்தபோது எர்த் பக்கம் மட்டும் மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால், ஒயரை ஆராயும் முன் பேட்டரியைச் சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள்.

ஒரு வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். 120 ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒரு வோல்ட் இழப்பு என்றால் 120 வாட் சூடு, அதுவும் விரல் நுனி அளவு ஜாயின்டில். பழைய 100 வாட் குண்டு பல்பைக் கையால் தொட்டவர்களுக்கு அது புரியும். இன்னொன்று: மீட்டரின் 10 ஆம்பியர் ஓட்டையில் செருகி செல்ஃப் கரண்டை அளக்கப் பார்க்காதீர்கள். மீட்டர் போய்விடும். அதற்கு, கேபிளைச் சுற்றிப் பிடித்து அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் தனியாக இருக்கிறது.

ரிப்பேருக்கு வருவோம். பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பானர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும். மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் சோலினாய்டின் இரண்டு போல்ட்டையும் சேர்த்து செல்ஃப் அடிக்க வைப்பதை வீட்டில் செய்யவே வேண்டாம். கார்புரேட்டர் கசிந்தாலோ கேஸ் கிட் வண்டியாக இருந்தாலோ அந்தத் தீப்பொறி போதும். கியரில் இருந்தால் வண்டி பாய்ந்துவிடும்.

எரிந்த இடத்தில் மட்டும் வெட்டி ஒட்டுவதுதான் அதிகம் நடக்கிற தப்பு. ஒயர் கட்டின் டேப்பை இரு பக்கமும் பிரித்துக்கொண்டே போக வேண்டும், உருகாத ஒயர் வரும் வரை. பக்கத்து ஒயரின் உறை இளகி ஒட்டியிருந்தால் இன்று ஓடும், ஒரு மாதம் கழித்து வேறெங்கோ ஷார்ட் காட்டும். உள்ளே செம்பு கறுத்திருந்தால் அதில் லக்கும் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) பிடிக்காது, ஈயமும் ஒட்டாது. பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டுங்கள், அல்லது முழு நீளத்துக்குப் புதிது போடுங்கள்.

சிறிய பெட்ரோல் காருக்கு மெயின் கேபிள் 25 சதுர மில்லிமீட்டர் போட்டால் நிம்மதி. சோலினாய்டு ஒயருக்கு 4 தாராளம். வீட்டு ஒயரிங் ஒயரை மாட்டாதீர்கள், இன்ஜின் அதிர்வுக்கும் சூட்டுக்கும் அது செய்யப்பட்டதல்ல. விலை குறைவான சில கேபிள்கள் அலுமினியத்தில் செம்புப் பூச்சு. இழையை பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல் கிரிம்பிங் கருவியால் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போட வேண்டும். ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) ஓட்டையில் ரப்பர் கிரோமெட் (ஓட்டை விளிம்பில் மாட்டும் வளையம்) இல்லாமல் ஒயரை நுழைக்கவே கூடாது. சைலன்சர் பக்கம் போகாமல் கிளிப் போட்டுக் கட்டுங்கள்.

வயதான சாவி ஸ்விட்ச் என்றால் நடுவில் ஒரு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்) சேர்ப்பது நல்ல யோசனைதான். அதன் கால்களில் நம்பர் போட்டிருக்கும். சாவியின் ஒயர் 86-க்கு, 85 எர்த், பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து சோலினாய்டுக்கு. ஸ்விட்ச் வழியாகப் பெரிய கரண்ட் போகாது. ஆனால் தகடு போன சோலினாய்டுக்கு ரிலே மருந்தல்ல. பழுதை மறைத்து, எரியும் இடத்தை ரிலேக்கு மாற்றிவிடும், அவ்வளவுதான். ரிலே மாட்டியதும் செல்ஃப் நன்றாக எடுத்தால் அதோடு விடாமல் சோலினாய்டையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

புகை வந்தால்: சாவியை விடுங்கள். சில சமயம் தகடு ஒட்டிக்கொண்டு, சாவியை எடுத்த பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். பேட்டரி டெர்மினலைக் கழற்றினால்தான் நிற்கும். அதற்காக டிக்கியில் ஒரு 10-ஆம் நம்பர் ஸ்பானர் எப்போதும் இருக்கட்டும். பெரும்பாலான கிளாம்ப் நட் அந்த அளவுதான். போனட் இடுக்கில் தீ தெரிந்தால் போனட்டை முழுதாகத் தூக்காதீர்கள், காற்று கிடைத்துத் தீ ஏறும். எல்லோரையும் இறக்கி விலகுங்கள். டிரை பவுடர் அணைப்பான் இருந்தால் இடுக்கு வழியாக அடியுங்கள், தண்ணீர் வேண்டாம். ஒயர் எரிந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து வீட்டுக்கு ஓட்டிப் போகவும் வேண்டாம். எரிந்த ஒயர் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

வேலை முடிந்து வண்டி எடுக்கும்போது எரிந்த ஒயரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாசிட்டிவ் பக்கம், எர்த் பக்கம் இரண்டிலும் வோல்ட் இழப்பை உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். எலி உறையைக் கடித்தாலும் கரண்ட் போக வழி இருக்காது. அதற்கென்று டெர்மினலில் திருகி மாட்டும் கட்-ஆஃப் ஸ்விட்ச் கடையில் கிடைக்கிறது. வாங்கினால், அதற்குக் குறுக்கேயும் மீட்டரை வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். மலிவான சிலவற்றில் அந்த ஸ்விட்சே அரை வோல்ட்டைத் தின்றுவிடுகிறது.