வலி போன பிறகும் மாத்திரை ஏன்?

ஒரு மருந்துச் சீட்டு. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, 5 மி.கி. மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் வாரம் 8 மாத்திரை, அடுத்த வாரம் 6, அதற்கடுத்த வாரம் 4. அப்புறம் 3, 2, ஒன்றரை, 1, அரை என்று தாள் முழுக்க எண்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. சாப்பிடுகிறவருக்கோ மூட்டு வலி மூன்றாம் நாளே ஓடிவிட்டது. "நல்லாத்தானே இருக்கேன், இனிமேல் இது எதுக்கு?" என்று ஒருநாள் திடீரென நிறுத்திவிடுகிறார். ஸ்டீராய்டு மாத்திரையில் நடக்கும் தவறுகளில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். அந்த எண்கள் ஏன் அப்படிப் படிப்படியாக இறங்குகின்றன என்று புரிந்துவிட்டால் யாரும் இதைச் செய்யமாட்டார்கள்.

அந்தப் படிக்கட்டு வலிக்காகப் போட்டது இல்லை. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் இரண்டு சின்னச் சுரப்பிகளுக்காகப் போட்டது. அட்ரீனல் என்று பெயர். ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம் எடைதான் இருக்கும். இவற்றின் வெளிப்பட்டையில் ஊறும் கார்டிசால் இல்லாமல் நம்மால் உயிர் வாழ முடியாது. ரத்த அழுத்தம் விழாமல் பார்ப்பது, பட்டினி நேரத்தில் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது, காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை என்று உடம்புக்கு நெருக்கடி வரும்போது ஈடுகொடுப்பது எல்லாம் அதன் வேலை. சாதாரண நாளில் சுமார் 10 மி.கி. சுரக்கும். விடியற்காலையில், நாம் கண் விழிப்பதை ஒட்டி உச்சத்துக்குப் போகும். நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கும்.

எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை அட்ரீனல் தானாக முடிவு செய்வதில்லை. மூளையிலுள்ள ஹைபோதலாமஸ், அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரிக்குச் சொல்லும். பிட்யூட்டரி ரத்தத்தில் ஒரு ஹார்மோனை அனுப்பி அட்ரீனலைத் தட்டி எழுப்பும். ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு ஏறியதும் மேலிடம் இரண்டும் அடங்கிவிடும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. பிரெட்னிசோலோன், கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் செயற்கை மருந்து. ரத்தத்தில் ஓடுவது சொந்தச் சரக்கா, மாத்திரையில் வந்ததா என்று மூளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 5 மி.கி. பிரெட்னிசோலோன் 20 மி.கி. கார்டிசாலுக்குச் சமம். அப்படியானால் அந்தச் சீட்டின் முதல் வாரத்து 8 மாத்திரை 160 மி.கி. ஆகிறது. உடம்பு ஒரு நாளில் சுரப்பதைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல்! 'ஏகப்பட்டது இருக்கிறதே' என்று மூளை ஆணை அனுப்புவதை நிறுத்திவிடும். ஆணை வராத அட்ரீனல் தூங்கப்போய்விடும். வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் சுரப்பி சுருங்கவும் செய்யும்.

சரி, இத்தனை ஆபத்து இருந்தும் மருத்துவர்கள் ஏன் இதைக் கொடுக்கிறார்கள்? கார்டிசாலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அழற்சியை, அதாவது நம் எதிர்ப்பாற்றல் மூட்டும் நெருப்பை, அடக்குவது. மாத்திரை செல்லுக்குள் நுழைந்ததும் அங்கே காத்திருக்கும் ஓர் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள் போகிறது; அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் செய்யச் சொல்லும் மரபணுக்களை அடக்குகிறது, அழற்சியைத் தணிக்கும் சிலவற்றைத் தூண்டிவிடுகிறது. ஆஸ்துமாவில் வீங்கிய மூச்சுக்குழல், முடக்குவாதத்தில் சிவந்த மூட்டு, எதிர்ப்பாற்றல் சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோயில் பாதிக்கப்படும் சிறுநீரகம் எல்லாவற்றிலும் இந்த ஒரே வழியில்தான் வேலை நடக்கிறது. மரபணு அளவில் நடப்பதால் பலன் தெரியச் சில மணி நேரம் பிடிக்கும். ஆஸ்துமா முற்றும்போது, மூச்சுக்குழலை உடனே விரிக்கும் இன்ஹேலருக்கு மாற்றாக இந்த மாத்திரையை நினைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

இதன் பலத்தை உலகம் முதலில் பார்த்தது 1948 செப்டம்பரில். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு, பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், அட்ரீனல் ஹார்மோன்களில் ஒன்றான கார்டிசோனை ஊசியாகப் போட்டார். புரண்டு படுக்கவே முடியாமல் இருந்தவர் சில நாள்களில் எழுந்து நடந்தார். ஹென்ச், அட்ரீனல் ஹார்மோன்களைப் பிரித்தெடுத்த கெண்டல், ரைக்ஸ்டைன் என மூவருக்கும் 1950இலேயே நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கொஞ்ச காலத்திலேயே நோயாளிகளுக்கு முகம் உருண்டு வீங்கியது, மனநிலை தடுமாறியது. மருந்தை நிறுத்தினால் வலி திரும்பி வந்தது. நோயின் வேரை இது தொடுவதில்லை, நெருப்பை மட்டும் அடக்கி வைக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பக்கவிளைவுகள் மருந்தின் குறைபாட்டால் வருபவை அல்ல. கார்டிசாலின் அன்றாட வேலைகளே அளவு மீறி நடக்கின்றன, அவ்வளவுதான். ரத்தச் சர்க்கரையை உதாரணமாகப் பாருங்கள். காலையில் மாத்திரை போட்டவருக்கு மதியத்திலிருந்து மாலை வரைதான் சர்க்கரை அதிகம் ஏறும். மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை பார்க்காமல் 'ஏறவே இல்லை' என்று நிம்மதி அடையக் கூடாது. எலும்பு விஷயம் இன்னும் நைசாக நடக்கும். தேய்மானம் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் அதிவேகம். வலியோ அறிகுறியோ இருக்காது. அதனால், மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிடவேண்டி வரும் என்று தெரிந்தால், எலும்புப் பாதுகாப்பைப் பற்றி முதல் வாரமே மருத்துவரிடம் கேட்பது நல்லது. கால்சியமும் வைட்டமின் டியும் போதுமா, வேறு மருந்தும் வேண்டுமா என்று அவர் சொல்வார். ரத்த அழுத்தம், எடை, தூக்கமின்மை, கண்புரை, கண் அழுத்தம் எல்லாம் பட்டியலில் உண்டு.

தொற்று தனிக் கதை. நெருப்பை அடக்கும் மருந்து, காய்ச்சலையும் அடக்கி மறைத்துவிடும். பல வருடமாக உள்ளே அடங்கிக் கிடந்த காசநோய் விழித்துக்கொள்ளலாம். சின்னம்மை வராதவர், அதற்கான தடுப்பூசியும் போடாதவர், அதிக அளவில் இதைச் சாப்பிடும்போது சின்னம்மை உள்ளவர் அருகே இருந்துவிட்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளையும் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

யாருக்கு, எப்போது என்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. 2020இல் பிரிட்டனில் நடந்த ரிகவரி ஆய்வில், தினம் 6 மி.கி. டெக்சாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. மருந்தும் அதே, அளவும் அதே. போன வருடச் சீட்டைக் காட்டி இந்த வருட இருமலுக்கு நாமே வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். மூட்டு வலியை 'மாயமாக' இரண்டே நாளில் போக்கும் பெயர் தெரியாத பொடிகளையும் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சாப்பிடுகிறவருக்கே தெரியாமல் அவருடைய அட்ரீனல் தூங்கிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலும் காலையில் கொடுப்பதற்குக் காரணம், உடம்பின் சொந்தக் கார்டிசாலும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ராத்திரியில் போட்டால் தூக்கமும் கெடும், மறுநாள் விடியற்காலையில் எழ வேண்டிய சுரப்பியும் கூடுதலாக அமுங்கிவிடும். சாப்பிட்ட பிறகு போடுவது வயிற்றுக்காக. கூடவே ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளைச் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு கூடும்.

நிறுத்துவதற்கு வருவோம். ஆஸ்துமாவுக்கு ஐந்து முதல் ஏழு நாள் கொடுக்கும் சின்னக் கோர்ஸை, மருத்துவர் சொன்ன நாளில் பெரும்பாலும் அப்படியே நிறுத்தலாம். அதற்குள் சுரப்பி ஆழ்ந்து தூங்கியிருக்காது. மூன்று நான்கு வாரம் தாண்டிவிட்டால் கதை வேறு. அடிக்கடி சின்னக் கோர்ஸ் எடுத்தவர்களும் கவனமாக இருக்க வேண்டும். சீட்டின் மேற்படிகளில் வேகமாக இறங்கலாம். கடைசிப் படிகளில், அதாவது 5 மி.கி.க்குப் பக்கத்தில் வரும்போதுதான், ரத்தத்தில் அளவு குறைந்ததை மூளை உணர்ந்து மறுபடி ஆணை அனுப்பத் தொடங்கும். அதனால்தான் அங்கே ஒன்றரை, ஒன்று, அரை என்று பொறுமையாகப் போகிறார்கள். சிலருக்கு வாரக்கணக்கில், நீண்ட காலம் சாப்பிட்டவருக்கு மாதக்கணக்கில். சந்தேகம் இருந்தால் காலையில் ரத்தம் எடுத்துக் கார்டிசால் அளவைப் பார்ப்பார்கள்.

திடீரென நிறுத்தியவருக்கு என்ன ஆகும்? கடும் சோர்வு, எழுந்து நின்றால் தலைசுற்றல், குமட்டல், வயிற்று வலி. இந்த நிலையில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், கூடுதல் கார்டிசால் கேட்கும் உடம்புக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறவருக்கும் இது பொருந்தும். வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் அதுவும் நிறுத்தியதற்குச் சமம்தான், நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். போனதும் முதல் வாக்கியமாக "இவர் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார், இத்தனை மி.கி., இத்தனை மாதமாக" என்று சொல்லிவிடுங்கள். ஊசியாக ஹைட்ரோகார்டிசோன், அதாவது மருந்து வடிவில் உள்ள கார்டிசால், போட்டால் நிலைமையைச் சீக்கிரம் மீட்டுவிடலாம். இந்த விவரத்தை எழுதிய சீட்டு ஒன்று பர்ஸில் எப்போதும் இருக்கட்டும். மாத்திரையை முறைப்படி முடித்த பிறகும் ஒரு வருடம் வரை அதை எடுத்துவிடாதீர்கள். அந்த இடைவெளியில் ஓர் அறுவை சிகிச்சை வந்தால், மயக்க மருந்து கொடுப்பவர் அதைப் படித்துவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும்.