மூடாக்கு: வீட்டுத் தோட்டத்து ‘மல்ச்சிங்’குக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

செடிகளின் அடியில் வெறுமையாகக் கிடக்கும் மண்ணின் மேல், அதனோடு கலந்துவிடாமல், ஓர் அடுக்காகப் பரப்பி வைக்கப்படும் பொருளுக்கு மூடாக்கு என்று பெயர். காய்ந்த இலை, வைக்கோல், தென்னை நார்க்கழிவு, மரச்சீவல், கூழாங்கல், பிளாஸ்டிக் தாள் ஆகிய எதுவாக இருந்தாலும், மண்ணை மூடிக் காப்பதற்காகப் பரப்பப்பட்டிருந்தால் அது மூடாக்குதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்று இதற்கு மிகுதியாக வழங்கும் சொல் ‘மல்ச்சிங்’. ராயக்கோட்டை, பாலக்கோடு பகுதிகளின் தக்காளி வயல்களில் மேட்டுப்பாத்தியின் மேல் இழுத்து விரிக்கப்படும் வெள்ளி நிறத் தாளை ‘மல்ச்சிங் சீட்’ என்று கடைக்காரரும் விவசாயியும் சொல்லிச் சொல்லி, மல்ச்சிங் என்றாலே அந்தத் தாள்தான் என்ற எண்ணம் பலரிடம் ஊன்றிவிட்டது. அதனால், வீட்டு முன்புறத்தில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இட்லிப்பூவும் வளர்க்கும் ஒருவர் மல்ச்சிங் போட வேண்டும் என்று கேட்டுப் போனால், அவர் கையில் தாளோ வெள்ளைக் கூழாங்கல்லோ வந்து சேருகிறது. அவருடைய கொல்லையிலேயே உதிர்ந்து கிடக்கும் மாஞ்சருகு குப்பையென்று கூட்டி எரிக்கப்படுகிறது. சொல்லின் பொருள் சுருங்கியதால் நேர்ந்த இழப்பு இது. ஆகவே சொல்லை அதன் முழுப் பொருளோடு மீட்டுக்கொள்வது தோட்ட வேலைக்கே பயன்படும்.

ஆங்கிலத்தில் ‘மல்ச்’ என்பது பதினேழாம் நூற்றாண்டில் பெயர்ச்சொல்லாகப் பதிவாகியிருக்கிறது. அதற்கு முந்தைய இடைக்கால ஆங்கிலத்தில் மென்மையானது, ஈரமானது என்று பொருள்படும் ‘மோல்ஷ்’ என்ற பெயரடை இருந்தது. ஜெர்மன் வட்டார வழக்கிலும் கனிந்து குழைந்ததைக் குறிக்கும் ‘மோல்ஷ்’ உண்டு. பாதி மக்கி, ஈரம் ஊறி, மிதித்தால் அமுங்குகிற வைக்கோலும் இலையும் அந்தச் சொல்லின் முதற்பொருள். குளிர்நாட்டில் அத்தகைய வைக்கோலை வேர்மீது பரப்பியதற்கு, உறைபனியிலிருந்து வேரைக் காப்பதும் ஒரு காரணம். ஆக, அந்தச் சொல் பொருளின் தன்மையிலிருந்து, அதுவும் ஈரமும் குளிரும் மிகுந்த நிலத்தில் கண்ட தன்மையிலிருந்து பிறந்தது.

தமிழ்ச்சொல் செயலிலிருந்து பிறந்தது. மூடு என்னும் வினையோடு ஆக்கு சேர்ந்து மூடாக்கு ஆகிறது. மூடி, மூட்டம், மேகமூட்டம், கரிமூட்டம் என்று இந்த வினையடியில் பிறந்த சொற்கள் பல இருக்கின்றன. எல்லாவற்றிலும், ஒன்றை மேலிருந்து மறைத்து அதன் உள்ளிருக்கும் வெப்பத்தையோ ஈரத்தையோ காற்றையோ அடக்கி வைக்கும் கருத்து நிற்கிறது. மூடாக்கு என்ற சொல்லும் தோட்டத்துக்கு வருமுன்பே தலையை மறைக்கும் முக்காட்டுக்கும், வெயில் தெரியாமல் மேகம் கவிந்த வானத்துக்கும் வழங்கியது. “இன்னைக்கு மூடாக்கா இருக்குது” என்று பெரியவர்கள் சொல்லும்போது அவர்கள் வானத்தைச் சொல்கிறார்கள். வெயிலைத் தடுப்பது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருந்ததால், வேளாண்மைக்குள் அது எளிதில் பொருந்திக்கொண்டது. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938–2013) தம் பேச்சுகளில் இதை ஓயாமல் பயன்படுத்தியது, சொல் பரவியதற்குப் பெரிய காரணம். செலவில்லா இயற்கை வேளாண்மையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கரின் முறையைப் பின்பற்றுவோர், பீஜாமிர்தம் (விதை நேர்த்திக் கரைசல்), ஜீவாமிர்தம் (நுண்ணுயிர்க் கரைசல்), வாப்சா (மண்ணில் காற்றும் ஈரமும் சேர்ந்திருக்கும் நிலை) ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லும் ‘ஆச்சாதனம்’ என்ற வடசொல்லுக்கும் தமிழில் மூடாக்கு என்றே எழுதுகிறார்கள். எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் இதற்கு வழங்கும் ‘ஹொதிகெ’யின் பொருளும் போர்வைதான், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகளில் இந்த ஒப்புமை உடனே விளங்கிவிடும்.

வேறு இரண்டு தமிழ்ச்சொற்களும் எழுத்தில் வழங்குகின்றன. வேளாண் நூல்களில் காணப்படும் நிலப்போர்வை நல்ல சொல்தான். எனினும் போர்வை என்றதும் ஒரே துண்டாக விரிக்கப்படுவது நினைவுக்கு வருவதால், வயலில் விரிக்கும் தாளுக்கு அது பொருந்தும் அளவுக்கு, சருகையோ மரச்சீவலையோ அள்ளிப் பரப்பும் வேலைக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. மற்றொன்று, கணினி மொழிபெயர்ப்புகள் வாயிலாக இப்போது எங்கும் தென்படும் தழைக்கூளம். இதை நான் ஏற்கத் தயங்குகிறேன். கூளம் என்பது வைக்கோலின் உதிரி, பதர், குப்பை. தழையும் கூளமும் மூடாக்கு இடப் பயன்படும் பொருள்களே ஒழிய, மூடாக்கு ஆகா. குப்பைக்குழியில் கிடக்கும் தழைக்கூளம் எதையும் மூடவில்லை. கல்லால் இட்ட மூடாக்கில் தழையும் இல்லை, கூளமும் இல்லை. “கல் தழைக்கூளம்” என்று எழுதப்பட்டிருப்பதைப் படிக்கும்போது சொல்லின் குறை வெளிப்பட்டுவிடுகிறது. அதைவிட முக்கியமாக, தழைக்கூளம் என்று சொல்லிக் கொடுத்தால் வேலையாள் அதைத் தழையுரம்போல மண்ணில் கொத்திக் கலந்துவிடுகிறார். மூடாக்கு என்று சொன்னால், எங்கே இட வேண்டும் என்பதும் சொல்லோடு சேர்ந்து போய்விடுகிறது.

கலப்பதற்கும் மூடுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மரத்தூள், பச்சை நார்க்கழிவு போன்றவற்றில் கரிமம் (கார்பன்) மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. தென்னை நார்க்கழிவில் இந்த விகிதம் ஏறத்தாழ 112:1. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காட்டிய முறைப்படி சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்கவைத்தால் அது 24:1 அளவுக்கு இறங்குகிறது. மக்காத நிலையில் இவற்றை மண்ணுக்குள் கலந்தால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். செடியின் இலைகள் வெளிறிப்போகும். அதே பொருள் மேலே மட்டும் பரப்பப்பட்டிருந்தால், இந்த இழுபறி மண்ணும் மூடாக்கும் தொடும் மெல்லிய பரப்போடு நின்றுவிடும். கீழே இருக்கும் வேருக்குக் கேடில்லை.

இந்த இரு மாவட்டங்களின் பெரும்பகுதி மணற்பாங்கான செம்மண். பல இடங்களில் ஓரடி தோண்டினாலே சரளை தட்டும். ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அதுவும் தென்மேற்கு, வடகிழக்குப் பருவங்களில் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்திருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் குடிநீரைச் செடிக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. இந்நிலையில் பாத்தியில் ஊற்றும் ஒவ்வொரு குடம் தண்ணீரும் இரண்டு வழிகளில் வீணாகிறது. மணல் துகள்களுக்கிடையே இடைவெளி பெரிதாக இருப்பதால் ஒரு பகுதி வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுகிறது; மேலே தங்கியதைப் பங்குனி, சித்திரை வெயில் குடித்துவிடுகிறது. மூடாக்கு உடனடியாகத் தடுப்பது இரண்டாவது இழப்பை மட்டுமே. முதலாவது குறைய வேண்டுமானால் மண்ணில் மக்கிய பொருள் சேர வேண்டும். இலை, வைக்கோல் மூடாக்கு ஆண்டுக்கு ஆண்டு அடியிலிருந்து மக்கிச் சேர்வதால் அதுவும் மெதுவாக நடக்கும். கல்லாலும் தாளாலும் அது ஒருபோதும் நடக்காது. மணல் மண்ணுக்கு உயிர்ப்பொருள் மூடாக்கையே நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

கோடை நண்பகலில் வெற்றுச் செம்மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிதன்று. அப்போது மூடாக்கு இட்ட பாத்தியில் கைவிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். மேலே ஓர் அங்குலம் மொறமொறவென்று உடையும் காய்ந்த சருகு. அதன்கீழ் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்து, இடையே வெண்ணிறப் பூஞ்சை இழைகள் ஓடியிருக்கும். அவற்றையும் விலக்கினால் மண் ஈரத்தில் கருஞ்சிவப்பாக, பிடித்தால் உருண்டையாகத் திரளும் பதத்தில் இருக்கும், செம்பருத்தியின் நூல்வேர்கள் அந்த மண்ணிலிருந்து மேலேறி மக்கிய இலைக்குள்ளேயே புகுந்திருக்கும். பக்கத்து வெற்றுப் பாத்தியிலோ மழைத்துளி அறைந்து இறுகிய பொருக்கு, அடுத்த தண்ணீரை உள்ளே விடாமல் ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

பொருள்களுக்கு இங்கே குறைவில்லை. மாந்தோப்புகளின் சருகு, புளி, புங்கன், வேம்பு ஆகியவற்றின் உதிரிலை, நிலக்கடலை ஓடு, கரும்புச் சோகை, தென்னை நார்க்கழிவு எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கின்றன. கேழ்வரகுத் தாளும் கடலைக்கொடியும் நன்றாகவே பயன்படும். ஆனால் மாட்டுக்குப் போக மிஞ்சியதை மட்டும் கேட்பதுதான் முறை. மாவிலை தடிப்பாக இருப்பதால் நீண்ட நாள் தாங்கும், எனினும் முழு இலையாகப் போட்டால் ஓடுபோல அடுக்கிக்கொண்டு தண்ணீரை வழியவிடும். மிதித்தோ நொறுக்கியோ போடுவது நல்லது. புளிய இலை பொடி. தனியாகப் போட்டால் காற்றோடு போய்விடும், மாவிலையோடு கலந்தால் இடுக்குகளை நிரப்பிக்கொண்டு இரண்டும் நிற்கும். நார்க்கழிவைச் சில முறை நல்ல நீரில் அலசி உப்பைப் போக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும். தைலமரத்தின் இலையைப் புதிதாகப் போடாதிருப்பது நல்லது. அதிலுள்ள எண்ணெயும் பிற பொருள்களும் இளஞ்செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும்.

தேர்ந்த தோட்டக்காரர் மூடாக்கு இடும் முறையில், பரப்புவது கடைசி வேலை. முதலில் களை எடுக்க வேண்டும். குறிப்பாகக் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும், ஏனெனில் அதன் முளை சருகை மட்டுமன்றிப் பிளாஸ்டிக் தாளையும் துளைத்து வெளிவரும். பார்த்தீனியம் போல விதையால் பரவுபவை வெளிச்சம் படாமல் பெரும்பாலும் அடங்கிவிடும். அடுத்து, பாத்தியின் ஓரத்தில் கல்லோ செங்கல்லோ பதித்து விளிம்பு கட்ட வேண்டும். நடைபாதையைவிடப் பாத்தியின் மண் மூன்று அங்குலமாவது தாழ்ந்திருந்தால்தான் போட்டது மழையில் வெளியே ஓடாது. சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அது மூடாக்கின் அடியில், மண்ணோடு ஒட்டிப் போக வேண்டும். பிறகு மண் ஆழம்வரை நனையத் தண்ணீர் விட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் வறட்சியையே மூடிக் காத்ததாகிவிடும். அடுத்து வரும் சிறு தூறல் முழுவதையும் சருகே உறிஞ்சிக்கொள்ளும், மண்ணுக்கு ஒரு துளியும் எட்டாது. வடகிழக்கு மழை ஓய்ந்து நிலத்தில் ஈரம் இருக்கும் மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்ற காலம்; அது தவறினால் முதல் கோடை மழைக்கு மறுநாள்.

தடிப்பு இரண்டு முதல் மூன்று அங்குலம். மரத்தூள், நார்க்கழிவு போன்ற பொடியானவற்றுக்கு ஒன்றரை அங்குலமே போதும், மிகுந்தால் காற்றுப் புகாது; மரச்சீவல் போலக் கரடானவை நான்கு அங்குலம் வரை போகலாம். நூறு சதுர அடிப் பாத்திக்கு மூன்று அங்குலம், அதாவது கால் அடி, பரப்ப 25 கன அடி வேண்டும். மணலுக்கும் ஜல்லிக்கும் நாம் சொல்லும் கணக்கில் அது கால் யூனிட். சருகு அமுங்கும் பொருளாதலால் அதை இரண்டு மடங்காகவே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். செடியின் தண்டைச் சுற்றி இரண்டு, மூன்று அங்குலம் வெற்றிடம் விட வேண்டும் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். தண்டின்மேல் குவித்துக் கோபுரமாகக் கட்டுவது பார்வைக்கு ஒழுங்காகத் தெரிந்தாலும், எப்போதும் ஈரம்பட்டுப் பட்டை அழுகி, மரமே பட்டுப்போகும். வீட்டுச் சுவரிலிருந்தும் அரையடியாவது தள்ளி நிறுத்த வேண்டும். செம்மண்ணில் கறையான் மிகுதி, சருகுக்கு வரும் கறையான் மரச்சட்டத்துக்கும் வழி கண்டுகொள்ளும். வாசற்படியை ஒட்டித் தேளும் பாம்பும் ஒளியுமளவுக்குத் தடிப்பாகப் போடாதிருப்பதும் இங்கே கட்டாயம்.

கல் மூடாக்கு கருங்கல் மலிந்த கிருஷ்ணகிரிக்கு இயல்பாகத் தோன்றலாம். அது பகலில் சூடேறி இரவிலும் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கும். கற்றாழை, சப்பாத்திக்கள்ளி இனங்களுக்குப் பொருந்தும், ரோஜாவுக்கும் இட்லிப்பூவுக்கும் பொருந்தாது. தாள் மூடாக்கு ஒரு பருவப் பயிருக்கு உரியது: மேலே இருக்கும் வெள்ளி நிறம் வெளிச்சத்தைத் திருப்பி அசுவினி போன்ற பூச்சிகளைக் குழப்பும், அடியிலுள்ள கறுப்பு நிறம் களையை முளைக்கவிடாது. ஆண்டுக்கணக்கில் நிற்கும் பூச்செடிகளின் அடியில் அதை விரித்தால், மழைநீரும் காற்றும் தடைபடுவதோடு, வெயிலில் நைந்த துணுக்குகள் மண்ணிலேயே தங்கிவிடும்.

மூடுபயிர் என்பது வேறு சொல். கொள்ளு போன்றவற்றை நிலம் முழுதும் விதைத்து, மண்ணைக் காத்துப் பின் மடக்கி உழுவது அது. பாத்தியில் செடிகளின் ஊடே படரவிட்டு அப்படியே வைத்திருக்கும் சர்க்கரைவள்ளிக் கொடி முதலியவற்றை உயிர்மூடாக்கு என்று சொல்லலாம். மண்ணின் மேற்பரப்பையே கொத்திப் புழுதியாக்கி, அடியிலிருந்து ஈரம் ஏறிவரும் நுண்துளைகளை அறுப்பது புழுதி மூடாக்கு; மானாவாரிக்காரர்கள் பெயர் சொல்லாமலே செய்துவரும் வேலை இது.

எழுதும்போது மூடாக்கு இடுதல், மூடாக்கு அமைத்தல் என்றும், பேச்சில் மூடாக்குப் போடுதல் என்றும் வழங்கலாம். பொருளை முன்னே சேர்த்துச் சருகு மூடாக்கு, வைக்கோல் மூடாக்கு, கல் மூடாக்கு, தாள் மூடாக்கு என்று பிரித்துச் சொன்னால் குழப்பம் வராது. தோட்ட வேலையை ஒப்பந்தத்துக்கு விடுவோர், விலைப்பட்டியலில் வெறுமனே ‘மல்ச்சிங்’ என்று எழுதியிருப்பதை ஏற்காமல், “நொறுக்கிய மாஞ்சருகு மூடாக்கு, மூன்று அங்குலத் தடிப்பு, தண்டிலிருந்து மூன்று அங்குலம் விலக்கி, ஆண்டுக்கு ஒரு முறை மேல்நிரப்பு” என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. நம் வெப்பத்தில் சருகு ஒரு மழைப்பருவத்துக்குள் பாதிக்குமேல் மக்கிவிடுவதால், அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடக் கூடாது.