சார்ஜ் ஏறாத லேப்டாப்பும் மூன்றாவது கம்பியும்

ஒரு வாசகர் கேட்கிறார்: “டெல் லேப்டாப், வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. சார்ஜர் போட்டால் ஓடுகிறது, ஆனால் பேட்டரி ஏறுவதில்லை. மெஷினும் ஆமை வேகம். பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், அப்படியேதான் இருக்கிறது. இப்போது மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?”

பாதிப் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஓடுகிறது, ஏறவில்லை, மெதுவாகிவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் சார்ஜர் வயருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி ஒன்றின் மேல்தான் விழ வேண்டும்.

டெல் சார்ஜரின் வட்டப் பின்னை உற்றுப் பாருங்கள். 7.4 மி.மீ. பெரிய பின்னோ, 4.5 மி.மீ. சின்ன பின்னோ, நடுவில் ஒரு ஊசி நிற்கும். வெளிச்சுவர் மைனஸ், உள்சுவர் 19.5 வோல்ட் பிளஸ். நடு ஊசியில் மின்சாரம் வருவதில்லை, தகவல் வருகிறது. அடாப்டருக்குள், அதாவது சார்ஜரின் கறுப்புப் பெட்டிக்குள், ஒரு குட்டி ஐசி (சிப்) இருக்கிறது. ‘நான் இத்தனை வாட்’ என்று லேப்டாப்பிடம் சொல்வது மட்டுமே அதன் வேலை.

எதற்கு இந்த விசாரணை? மூன்று செல் பேட்டரிக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் கொடுத்தால் 36 வாட். அதே நேரம் மெஷின் 40 வாட் இழுத்தால் மொத்தம் 76. செருகியிருப்பது 65 வாட் அடாப்டர் என்றால் தாங்காது. அடாப்டரின் வரம்பு தெரிந்தால் லேப்டாப் சார்ஜைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கும். தெரியாவிட்டால் பேட்டரிக்குப் போகும் வழியை அடைத்துவிட்டு, ப்ராசசரையும் அடிமட்ட வேகத்துக்கு இறக்கிவிடும். ஆமை வேகத்துக்குக் காரணம் இதுதான்.

இனி வருவதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த இடம். அந்த ஐசிக்குத் தனியாக பவர் லைன் கிடையாது. பேசும் கம்பியிலேயே அது உணவையும் எடுத்துக்கொள்கிறது. டல்லாஸ் செமிகண்டக்டர் நிறுவனம் உருவாக்கிய ‘ஒன்-வயர்’ முறை இது. லேப்டாப் அந்தக் கம்பியை ஒரு மின்தடை வழியாகச் சில வோல்ட்டில் உயர்த்தி வைத்திருக்கும். உயர்ந்திருக்கும் நேரத்தில் ஐசி தனக்குள் இருக்கும் சின்னஞ்சிறு கெப்பாசிட்டரை, அதாவது மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகத்தை, நிரப்பிக்கொள்ளும். பேச்சு தொடங்க வேண்டுமென்றால் லேப்டாப் கம்பியைக் குறைந்தது 480 மைக்ரோ விநாடி பூஜ்யத்துக்கு இழுத்து விடுகிறது. கதவைத் தட்டுவது மாதிரி. உள்ளே ஆள் இருந்தால், விட்ட 60 மைக்ரோ விநாடிக்குள் ஐசி தன் பங்குக்குக் கம்பியைக் கீழே இழுத்து ‘இருக்கிறேன்’ என்கிறது. பிறகு ஒவ்வொரு பிட்டாக, அதாவது 0 அல்லது 1 ஆக, கேள்வி. லேப்டாப் ஒரு கணம் இழுத்து விடும். ஐசி பிடித்துக்கொண்டே இருந்தால் 0, விட்டுவிட்டால் 1. அந்தப் பதிலை 15 மைக்ரோ விநாடிக்குள் படித்தாக வேண்டும். இழுக்கும் நேரமெல்லாம் பட்டினி, கெப்பாசிட்டரில் சேமித்ததை வைத்தே ஐசி பேச்சை ஓட்டுகிறது!

இப்படிப் படித்து முடித்தால் டெல் பெயரில் தொடங்கும் ஒரு எழுத்து வரிசை கிடைக்கும். நடுவே 090195046 என்று இருந்தால் 90 வாட், 19.5 வோல்ட், 4.6 ஆம்பியர். கடைசியில் சரிபார்ப்பு எண். அது ஒத்துப்போகாவிட்டால் ‘அடாப்டர் வகை தெரியவில்லை’ என்ற செய்திதான்.

மூன்று கம்பிகளில் இந்தத் தகவல் கம்பிதான் மெலிது. சார்ஜரை இறுக்கிச் சுருட்டிச் சுருட்டி, பின்னை ஒட்டிய கழுத்தில் முதலில் அறுவதும் இதுதான். மற்ற இரண்டும் முழுசாக இருப்பதால் மெஷின் ஓடும். மல்டிமீட்டரில் 19.5 வோல்ட் சரியாகக் காட்டும், ‘சார்ஜர் நல்லா இருக்கு’ என்று கடையில் திருப்பித் தந்துவிடுவார்கள். வோல்ட் பார்க்கும்போது மீட்டர் முனை வழுக்கி நடு ஊசியையும் உள்சுவரையும் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது. 19.5 வோல்ட் நேராக ஐசிக்குள் பாய்ந்தால் அதன் கதை முடிந்தது.

சோதிப்பது எளிது. மெஷினை ஆன் செய்ததும் எஃப்2 தட்டி, விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் என்ற செட்டிங் திரைக்குள் போய், பேட்டரி பக்கத்தில் அடாப்டர் வகையைப் பாருங்கள். வாட் எண் இல்லாமல் ‘தெரியவில்லை’ என்று இருந்தால், அதே அல்லது அதிக வாட் உள்ள ஒரிஜினல் சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கிச் செருகுங்கள். எண் வந்துவிட்டால் கோளாறு உங்கள் சார்ஜரில். கழுத்தை வெட்டிவிட்டுப் புது வயர் சால்டர் செய்யலாம், ஆனால் மூன்று கம்பி வயராகக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு கம்பி வயர் போட்டால் பழைய கதைதான். ஐசி இல்லாத மலிவு சார்ஜர்களும் அப்படியே.

நல்ல சார்ஜரிலும் ‘தெரியவில்லை’ என்றால், லேப்டாப்பில் பின் செருகும் துளையான ஜாக்கைப் பாருங்கள். பல மாடல்களில் ஜாக் தனி வயரோடு வரும். ஓரிரு ஸ்க்ரூ கழற்றி மாற்றிவிடலாம், சால்டரிங் வேண்டாம். அதுவும் சரியாக இருந்தால்தான் போர்டு. ஸ்கீமாட்டிக்கில், அதாவது போர்டின் சர்க்யூட் வரைபடத்தில், ‘பிஎஸ்_ஐடி’ என்று போட்டிருக்கும் தகவல் லைனில், ஸ்டாட்டிக் அதிர்ச்சியிலிருந்து காக்க வைத்த சின்ன டயோடு ஷார்ட் ஆகி, லைனையே கிரவுண்டில் (மைனஸில்) படுக்க வைத்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் சென்னை ரிச்சி தெருப் பக்கம் கிடைப்பார். தெரியாதவர் ‘போர்டு போச்சு’ என்பார். இந்த ஸ்கீமாட்டிக்குகளைக் கம்பெனிகள் வெளிப்படையாகக் கொடுத்தால் எத்தனை மெஷின்கள் குப்பைக்குப் போகாமல் தப்பும்! கசிந்த பிடிஎஃப்களை வைத்துத்தான் நாட்டில் பாதி ரிப்பேர் நடக்கிறது என்பது என் கணிப்பு.

பயாஸில் வாட் சரியாகவே தெரிந்தும் ஏறவில்லையா? சார்ஜ் வரம்பை 80 சதவீதம் என்று யாராவது வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பிறகு விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையை பேட்டரி ரிப்போர்ட் ஆப்ஷனோடு ஓட்டினால், புதிதில் இருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் அருகருகே வரும். பாதிக்கும் கீழே என்றால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. மாதக்கணக்கில் மூலையில் கிடந்த பேட்டரி என்றால், செல் அளவுக்கு மீறி இறங்கியதால் அதன் காவல் சர்க்யூட்டே பூட்டியிருக்கும். ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்பதை நம்ப வேண்டாம், உள்ளே ஈரம்தான் சேரும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதென்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த நிமிஷமே சார்ஜரைப் பிடுங்குங்கள், குத்தவோ அமுக்கவோ வேண்டாம்.

வாங்குவதா வேண்டாமா? சார்ஜர், ஜாக் என்றால் யோசிக்காமல் ரிப்பேர். பேட்டரி என்றால் ப்ராசசரைப் பாருங்கள். இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால் விண்டோஸ் 11 ஏறும், செலவு செய்யலாம். அதற்கும் பழையதென்றால், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் பழகத் தயார் என்றால் மட்டும் பேட்டரி போடுங்கள். போர்டில் சார்ஜிங் ஐசியே எரிந்து, ரேமும் 4 ஜிபி, அதுவும் போர்டோடு ஒட்டியது என்றால் விட்டுவிடலாம். உங்கள் ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி தனியாகக் கழலும் மாடலாக இருந்தால் அதைக் கழற்றி, ஒரு யுஎஸ்பி கேஸுக்குள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: இன்னும் எதையும் வாங்க வேண்டாம். எஃப்2 தட்டிப் பார்த்துவிட்டு, அடாப்டர் வகை என்ற இடத்தில் என்ன இருந்தது என்று எழுதுங்கள்.