கார்டு போகவில்லை, கேபினெட்தான் மூச்சு முட்டுகிறது

இந்த மாதத்தில் இது நான்காவது. புளியரையிலிருந்து ஒரு தம்பி அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் கேபினெட்டை (எல்லா பாகமும் உட்காரும் பெட்டி) மடியில் அணைத்துக்கொண்டு செங்கோட்டையில் என் கடைக்கு வந்தான். "கார்டு போயிட்டு அண்ணாச்சி. கேம் போட்டு இருபது நிமிஷம் ஆச்சுன்னா இழுக்குது." அப்பா ஆரியங்காவுக்கு அப்பால் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். கேம் படத்தைத் திரைக்குத் தயாரித்துக் கொடுக்கும் அந்த கிராபிக்ஸ் கார்டு மட்டும் 30,000 ரூபாய். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

கார்டுக்கு ஒன்றும் இல்லை. கேபினெட்டின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. அதன் பின்னால் மூன்று கலர் ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. சாமி படத்துக்கு வைத்திருந்த ஊதுபத்தியை எடுத்து முகப்புக்கு நேரே பிடித்தேன். புகை ஆடாமல் அசையாமல் நேராக மேலே போனது. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விரல்கூட நுழையாத இடைவெளி இருந்தது. அங்கே கொண்டுபோனால் மட்டும் புகை லேசாக உள்ளே இழுபட்டது. மூன்று ஃபேனுக்கும் காற்று வரும் வழி அந்தக் கீற்று ஒன்றுதான். முகப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதே கேமை ஓடவிட்டோம். 83 டிகிரியில் முட்டிக்கொண்டு, சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த கார்டு பத்து நிமிடத்தில் 72-க்கு இறங்கியது. தம்பி ஒன்றும் பேசவில்லை. அப்பாதான், "அப்ப கார்டு நல்லாத்தான் இருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"ஃபேன் அஞ்சு இருக்கே அண்ணாச்சி" என்று வருகிற எல்லோரும் சொல்கிறார்கள். ஃபேன் சுற்றினால் காற்று வருகிறது என்று அர்த்தமில்லை. ஃபேன் காற்றை உண்டாக்குவதில்லை, இருக்கிற காற்றைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய அடுப்பங்கரையில் ஃபேன் போட்டுப் பாருங்கள், அதே சூட்டுக் காற்றுதான் சுற்றிச் சுற்றி முகத்தில் அடிக்கும். கேம் ஓடும்போது கார்டு 200 வாட், பிராசசர் 100 வாட் என்று இழுத்தால், அந்த 300 வாட்டும் சூடாகத்தான் அந்தப் பெட்டிக்குள் இறங்குகிறது. அதை வெளியே கொண்டுபோக முன்னாலிருந்து புதுக்காற்று வந்தாக வேண்டும். வழியை அடைத்துவிட்டு ஐந்து ஃபேன் வைத்தாலும் பத்து வைத்தாலும் பலன் ஒன்றுதான். பக்கவாட்டில் கண்ணாடி இருக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. முகப்பு மட்டும் வலையாக, அதாவது மெஷ்ஷாக இருக்க வேண்டும். முன்னால் இரண்டு 120 மி.மீ. ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள என்று இருந்தால் பெரும்பாலான வீட்டு கேமிங் கம்ப்யூட்டருக்குப் போதும். ஃபேனில் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும். அதைக்கூடப் பார்க்காமல் திருப்பி மாட்டித் தந்த கேபினெட்டுகளும் என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

சூடு என்றதும் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நம் ஊரில் ஜூன் மாதம் தொடங்கினால் கணவாய் வழியாக வருவது ஈரக்காற்று, கூடவே சாரல். திறந்து கிடக்கும் மதர்போர்டில் தூசியும் ஈரமும் சேர்ந்து பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பல்லி. கம்ப்யூட்டருக்கு கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் கருகிக் கிடந்த பல்லியைக் குறடால் எடுத்துப் போட்டவன் சொல்கிறேன், கதவை மூடியே வையுங்கள். முன்னாலும் அடியிலும் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மாதம் ஒருமுறை கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள்.

அளவு பார்க்காமல் வாங்குவது அடுத்த தலைவலி. முழு அளவு மதர்போர்டு, அதாவது ஏ.டி.எக்ஸ்., 305-க்கு 244 மி.மீ., மிட் டவர் என்கிற நடுத்தர கேபினெட்டில் பொதுவாக உட்கார்ந்துவிடும். இடிப்பது கார்டின் நீளம்தான். கேபினெட் வரும் அட்டைப்பெட்டியில் கார்டுக்கு 330 மி.மீ. இடம் என்று போட்டிருப்பார்கள். முன்னால் வாட்டர் கூலர் மாட்டினால், அதன் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டருக்கு 27, ஃபேனுக்கு 25 என்று 52 மி.மீ. அதில் போய்விடும். பிராசசர் கூலரின் உயரத்தையும் பாருங்கள். 160 மி.மீ. கூலரை 155 மி.மீ. இடத்தில் வைத்துக் கதவை அமுக்கினால் கண்ணாடி என்ன செய்யும்? கழற்றிய கண்ணாடியை டைல்ஸ் தரையில் நிறுத்தாதீர்கள், மூலை தட்டினால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். போர்வை விரித்துப் படுக்க வையுங்கள்.

"கேபினெட்டைத் தொட்டால் சுர்ருன்னு ஷாக் அடிக்குது" என்றும் வருகிறார்கள். பெரும்பாலும் கேபினெட் மேல் குற்றம் இல்லை, வீட்டில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள். கேம் எல்லாம் அப்புறம்.

ஏற்கெனவே கண்ணாடி முகப்பு வாங்கிவிட்டீர்களா? வீட்டிலேயே முகப்பைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் கேம் ஓட்டிப் பாருங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்தால் கார்டை விற்க வேண்டாம், கேபினெட்டை மட்டும் மாற்றினால் போதும். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், திருநெல்வேலியோ கொல்லமோ, எங்கே வாங்கினாலும் சரி, பணம் கொடுப்பதற்கு முன் முகப்பை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வேண்டாம்.