பட்டனுக்குள் ஒரு கிளட்ச்

சிங்கப்பூரில் கார் ஓட்டப் பழகப் போகிறவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, கிளாஸ் 3-ஆ 3ஏ-வா என்பது. 3 என்றால் கிளட்ச் உள்ள மேனுவல் காரும் ஓட்டலாம்; 3ஏ என்றால் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோ கார் மட்டும். சாலையில் ஓடுபவை பெரும்பாலும் ஆட்டோ கார்கள்தான் என்பதால், எதற்கு வீண் சிரமம் என்று பலர் 3ஏ பக்கமே போய்விடுகிறார்கள். கார் வைத்திருக்க வாங்க வேண்டிய சிஓஇ உரிமைச் சான்றிதழ் மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஊரில் கார் வாங்குவதே பெரும்பாடு. அதிலும் மேனுவல் கார்தான் வேண்டும் என்று தேடி அலைகிறவர் தனி ரகம்.

ஆனால் அதே 3ஏ பிள்ளைகள், இரவு சாப்பாடு முடிந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஃபோர்ஸா ஹொரைசன் என்ற கார் பந்தய கேமைத் திறந்தால், அமைப்புகளுக்குள் போய் ‘மேனுவல் வித் கிளட்ச்’ என்பதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கேட்டால், “அதுதான் அங்கிள் ஸ்பீடு” என்கிறார்கள்.

சரிதான், அதுதான் வேகம். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் தப்பு. மேனுவல் கார் இயல்பிலேயே வேகமானது, கேம் அதை அப்படியே காட்டுகிறது என்று நினைக்கிறார்கள். நிஜ உலகில் கதை நேர்மாறு. 2003-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-இல் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் வந்த பிறகு, கையும் காலும் சேர்ந்து கியர் மாற்றும் ஓட்டுநரை இயந்திரம் தாண்டிவிட்டது. அடுத்த கியரை முன்கூட்டியே தயாராக மாட்டி வைத்துக்கொண்டு, ஒரு கிளட்ச் விடும்போதே மற்றொன்று பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. எவ்வளவு பழகிய காலும் அதற்கு ஈடு கொடுக்காது. அப்படியிருக்க, கேமில் மட்டும் கிளட்ச் போடுகிறவர் எப்படி ஜெயிக்கிறார்?

இதைப் புரிந்துகொள்ள, கிளட்ச் எதற்கு இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். எஞ்சினின் பின்முனையில் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் இருக்கிறது. அதை ஒட்டி, உராய்வுப் பூச்சு உள்ள ஒரு தட்டு. அந்தத் தட்டின் நடுவில்தான் கியர்பாக்ஸின் தண்டு நுழைகிறது. ஸ்பிரிங்கின் பலத்தில் ஓர் அழுத்துத் தட்டு இதை ஃபிளைவீலோடு நெரித்துப் பிடித்திருக்கும். பெடலை மிதித்தால் பிடி தளரும். எஞ்சின் தன் போக்கில், சக்கரங்கள் தம் போக்கில்.

இந்தப் பிரிவு ஏன் தேவை? கியர்பாக்ஸுக்குள் பற்சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியேதான் சுற்றுகின்றன. கியர் மாற்றும்போது நகர்வது ஒரு சின்ன வளையம் மட்டும். ஒரு பற்சக்கரத்தின் பக்கவாட்டுப் பற்களிலிருந்து விடுபட்டு, இன்னொன்றின் பற்களில் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். எஞ்சின் முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டிருந்தால், அந்தப் பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. விடுபட்டாலும் அடுத்த சிக்கல் வேகம். மூன்றாம் கியரின் விகிதம் 1.4, நான்காவது 1.05 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் நிமிடத்துக்கு 7000 சுற்றில் ஓடும் எஞ்சின், அதே கார் வேகத்தில் நான்குக்குப் போனதும் 5250 சுற்றில் இருந்தாக வேண்டும். ஒரு கணத்தில் 1750 சுற்று இறங்க வேண்டும். கியர்பாக்ஸில் உள்ள சிங்க்ரோ வளையங்கள் லேசான தண்டையும் தட்டையும் இழுத்து வேகத்தைச் சமமாக்கும். எஞ்சினையே இழுக்கச் சொன்னால் தாங்காது. அதனால்தான் எஞ்சினைக் கழற்றிவிடுகிறோம்.

இப்போது கேமுக்குள் வருவோம். அங்கே தட்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று எஞ்சினின் சுழல்வேகம், மற்றொன்று கியர்பாக்ஸ் தண்டின் சுழல்வேகம். ஓட்டத்தை உண்மைக்கு நெருக்கமாகக் கணக்கிடும் சிமுலேட்டர்கள் இந்த எண்களை ஒரு நொடியில் பல நூறு முறை புதுப்பிக்கின்றன. ஐரேசிங்கில் அது 360 முறை. ஒவ்வொரு முறையும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: எது வேகமாகச் சுற்றுகிறது? வேகமானதைக் கொஞ்சம் இழு, மெதுவானதைக் கொஞ்சம் தள்ளு. எவ்வளவு என்பதை கிளட்ச் எந்த அளவு அழுத்தப்பட்டிருக்கிறது என்பது தீர்மானிக்கும்.

கேட்க எளிது, எழுதினால் தலைவலி. இரண்டு வேகங்களும் கிட்டத்தட்ட சமமாகும் இடத்தில் இந்தக் கணக்கு ஆட ஆரம்பித்துவிடும். எஞ்சின் ஒரு துளி வேகமாக இருக்கிறது என்று கணக்கு அதை இழுக்கும்; அடுத்த படியில் இழுத்தது அதிகமாகி, எஞ்சின் ஒரு துளி மெதுவாகிவிடும். உடனே தள்ளும், மறுபடி அதிகம். நிஜ உராய்வு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும் இடத்தில், கணிப்பொறி உராய்வு நடுங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு நிரலாளர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிப்பார்கள். வேக வித்தியாசம் மிகச் சிறியதானதும் இரண்டையும் பற்றவைத்த மாதிரி ஒரே பொருளாக்கிவிடுவது ஒன்று. வித்தியாசம் குறையக் குறைய உராய்வையும் மெல்லக் குறைத்துக்கொண்டே வருவது மற்றொன்று. முதல் வழியில் கிளட்ச் ‘டக்’கென்று பிடிக்கும், இரண்டாவதில் வெண்ணெயாக வழுக்கும். ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்ச்சைப் பாதி அழுத்திப் பிடிப்பது, ஒவ்வொரு கேமிலும் ஒவ்வொரு மாதிரி இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, வேகத்துக்கு வருவோம். கிளட்ச் இல்லாத மேனுவலில் நீங்கள் கியர் பட்டனைத் தட்டியதும் கேம் ஒரு சிறு நாடகம் நடத்துகிறது. ஆக்ஸிலரேட்டரை மூடு, கிளட்ச்சைப் பிரி, கியரை மாற்று, கிளட்ச்சைச் சேர், ஆக்ஸிலரேட்டரைத் திற. ஒவ்வொரு காட்சிக்கும் நிரலாளர் ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார், அந்தக் காரில் ஒரு மனிதர் மாற்றினால் ஏறக்குறைய இவ்வளவு ஆகும் என்ற மதிப்பில். ஃபோர்ஸாவில் கிளட்ச்சையும் கியர்பாக்ஸையும் மேம்படுத்தினால் கியர் மாறும் நேரம் குறைகிறதே, அங்கே விற்கப்படுவது இந்தக் கடிகாரம்தான்.

‘மேனுவல் வித் கிளட்ச்’ போட்டால் அந்தக் கடிகாரம் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. கிளட்ச் எப்போது பிரிய வேண்டும், எப்போது சேர வேண்டும் என்பதை இனி விரல்தான் சொல்கிறது. கன்ட்ரோலரின் வழக்கமான அமைப்பில் இடது தோள் பட்டன் கிளட்ச், பி பட்டன் மேல் கியர், எக்ஸ் பட்டன் கீழ் கியர். இடது ஆள்காட்டி விரல் ஒரு தட்டு, வலது கட்டைவிரல் ஒரு தட்டு. நிஜக் கிளட்ச் பெடல் கீழே போய் மேலே வரச் சில அங்குலம் பயணம் இருக்கிறது, காலுக்கு எடை இருக்கிறது. பட்டனுக்கு இரண்டும் இல்லை. அது பூஜ்யம் அல்லது ஒன்று. கேம் மனிதக் காலின் வேகத்தை மனதில் வைத்து நேரம் ஒதுக்கியது. ஆட்டக்காரர் எடையே இல்லாத காலைக் கொண்டுவந்துவிட்டார். பெடலே இல்லாத இரட்டைக் கிளட்ச் காரிலும் இதே பட்டன் வேலை செய்கிறது என்பதைப் பார்த்தாலே, இது காரைப் பற்றிய விஷயம் இல்லை என்பது விளங்கும்.

மிச்சமாகும் நேரம் எவ்வளவு பெரிதாகிறது என்று ஒரு கணக்குப் போடலாம். 150 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், நொடிக்கு நொடி 3 மீட்டர் வேகம் கூடிக்கொண்டிருக்கிறது. கியர் மாற்றும் 0.3 நொடி எஞ்சின் தள்ளவில்லை என்றால், நொடிக்கு 0.9 மீட்டர் வேகம் போச்சு. மணிக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர். அந்த நேர்ச்சாலை இன்னும் 8 நொடி நீண்டால், கிட்டத்தட்ட 7 மீட்டர் பின்தங்கியிருப்பீர்கள். ஒன்றரைக் கார் நீளம், ஒரே ஒரு கியர் மாற்றத்தில்.

இதற்கு மேல் ஒரு போனஸும் உண்டு. அனுபவசாலிகள் கிளட்ச் பட்டனை அழுத்தும்போது ஆக்ஸிலரேட்டரை விடுவதே இல்லை. பாரம் இல்லாத எஞ்சின் 7000 சுற்றிலேயே கூவிக்கொண்டு நிற்கும். பட்டனை விட்டதும் அது 5250-க்கு இழுத்து இறக்கப்படும். அந்த வித்தியாசத்தில் இருந்த சுழல்சக்தி எங்கே போகும்? பெரும்பகுதி சக்கரத்துக்குப் போய்க் காரை ஓர் உதை உதைக்கும். சாதாரணமான எஞ்சின், 1400 கிலோ கார் என்று வைத்துக் கணக்கிட்டால், அந்த உதை மணிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மீதி கிளட்ச் தட்டில் வெப்பமாகும். நிஜக் காரில் இதையே பழக்கமாக வைத்துக்கொண்டால் தட்டு கருகி, பட்டறைக்காரர் பில்லோடு நிற்பார். பல கேம்களில் சேதத்தை அணைத்துவிட்டால் தட்டுக்குத் தேய்மானமே கிடையாது. உதை இலவசம்.

இலவசம் என்றாலும் வரிசை தப்பக்கூடாது. கிளட்ச் சேதி முதலில் வர வேண்டும், கியர் சேதி அதற்குப் பின்னால், அல்லது அதே கணத்தில். நொடிக்கு 60 படங்கள் ஓடும் திரையில் ஒரு படத்தின் ஆயுள் சுமார் 17 மில்லிநொடி. கட்டைவிரல் அந்த அளவு முந்திக்கொண்டாலே போதும், பற்கள் கரகரக்கும், கியர் விழாது. புதிதாகப் பழகுகிறவர்கள் நேர்ச்சாலையில் சம்பாதித்த நேரத்தையெல்லாம் இப்படித் தவறிய ஒரே கியரில் தொலைப்பதைப் பார்க்கலாம்.

ஆட்டோ பின்தங்குவது வேறு காரணத்தால். அதற்குத் தெரிவது எஞ்சின் சுற்றும், கார் வேகமும், ஆக்ஸிலரேட்டர் அளவும்தான். முன்னால் வளைவு வருவது தெரியாது. வளைவின் நடுவில், டயர் பிடிப்பின் விளிம்பில் இருக்கும்போது, சுற்று ஏறிவிட்டதே என்று மேல் கியர் போட்டுவிடும். அந்தச் சிறு குலுக்கலே காரைச் சுழற்றப் போதும். வளைவுக்கு முன்பே கியர் இறக்கி எஞ்சினால் வேகம் குறைப்பது, வழுக்கும் சாலையில் சீக்கிரமே மேல் கியருக்குப் போய்ச் சக்கரச் சுழற்சியை அடக்குவது, இதெல்லாம் எதிர்பார்ப்பு இருந்தால் மட்டுமே முடியும். என்னைக் கேட்டால், ஆட்டோவிலிருந்து சாதாரண மேனுவலுக்கு வருவதுதான் பெரிய தாவல். அதில் காரை ஓட்டும் முறையே மாறுகிறது. கிளட்ச் பட்டன் அதற்கு மேல் கிடைக்கும் சில்லறை. முதல் தாவலைத் தாண்டாமல் நேரே கிளட்ச்சுக்குப் போகிறவர்களுக்குச் சில்லறைதான் கிடைக்கிறது.

எல்லாக் கேமும் இந்தக் குறுக்குவழியைத் திறந்து வைப்பதில்லை. கிரான் டூரிஸ்மோ 7-இல் கன்ட்ரோலர் வைத்து ஆடுகிறவருக்கு ஏடி (ஆட்டோ), எம்டி (மேனுவல்) என்ற இரண்டுதான். கிளட்ச் வேண்டுமானால் பெடல் உள்ள ஸ்டீயரிங் வேண்டும். ஃபார்முலா 1 கேம்களில் கிளட்ச்சுக்கு வேலை புறப்படும்போது மட்டும்தான், அது நிஜத்துக்கு நெருக்கமானதும்கூட. சிங்கப்பூர் பந்தயம் நடக்கும் மரினா பேயில் புறப்பாட்டு விளக்குகள் அணையும்போது ஓட்டுநரின் விரல் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள கிளட்ச் நெம்புகோலில்தான் இருக்கும். அதை விட்ட பிறகு, பந்தயம் முழுக்க எத்தனை கியர் மாற்றினாலும், பிட் பக்கம் போனால் ஒழிய அதைத் தொட வேண்டியதில்லை. 1989-இல் ஃபெராரி 640 ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் துடுப்புகளோடு களமிறங்கி, நைஜல் மான்செல் கையில் முதல் பந்தயத்தையே வென்றது. வேடிக்கை என்னவென்றால், அதே 1989-இல்தான் அட்டாரியின் ‘ஹார்ட் டிரைவிங்’ ஆர்கேட் பெட்டி கிளட்ச் பெடலோடு வெளிவந்தது. கியர் மாற்ற அந்தப் பெடல் தேவையில்லை என்று ரேஸ் கார் காட்டிய வருடத்தில் கேம் அதை மாட்டிக்கொண்டது.

கடைசியாக, காசு சேர்த்து மூன்று பெடல் ஸ்டீயரிங்கும் தனி கியர் கம்பும் வாங்க நினைப்பவர்களுக்கு: மேலே சொன்ன ஆதாயம் அங்கே காணாமல் போகும். இப்போது நிஜக் கால், நிஜப் பயணம், நிஜ எடை. கேம் தானாகப் போடும் கிளட்ச்சைவிட நீங்கள் மெதுவாகவே இருக்கக்கூடும், முதல் சில வாரங்களுக்குச் சுற்று நேரம் மோசமாகும். கிளாஸ் 3 எடுக்கப் போகிறவருக்கு அதில் கொஞ்சம் லாபம் உண்டு. கியர்களின் இடம், கீழ் கியருக்கு முன் எஞ்சினைச் சற்று முடுக்கும் பழக்கம், இவை கைக்கு வந்துவிடும். வராதது சரிவு. பயிற்சி மையத்தில் மேட்டில் நிறுத்தி மறுபடி புறப்படும்போது, கிளட்ச் பிடிக்கும் இடத்தை எஞ்சின் சத்தம் தாழ்வதிலும் இருக்கையின் நடுக்கத்திலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாதாரணமான கேம் பெடலுக்கு அடியில் இருப்பது ஒரு ஸ்பிரிங்கும் நிலையை அளக்கும் ஓர் உணரியும். பிடிக்கும் இடம் அதன் மேல் வைத்த காலுக்குத் தெரியாது. திரையில் சுற்றுமானியின் முள் இறங்குவதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.