ஐந்து நொடி மணியோசை எட்டு நிமிடம் ஒலிப்பது எப்படி?

பூசையறை மணியை ஒரே ஒரு தட்டுத் தட்டிப் பதிவு செய்தால், ஐந்து நொடிக்குள் ஓசை அடங்கிவிடும். அந்த ஐந்து நொடியை ஆடாசிட்டி என்ற கட்டற்ற மென்பொருளில் திறந்து, எஃபெக்ட் பட்டியலில் உள்ள பால்ஸ்ட்ரெச்சைத் தேர்ந்தெடுத்து, நூறு மடங்கு நீட்டச் சொல்லுங்கள். 500 நொடி, அதாவது 8 நிமிடம் 20 நொடி நீளமுள்ள ஒலி கிடைக்கும். சுருதி கொஞ்சமும் இறங்கியிருக்காது. ஆனால் 'டங்' என்ற அந்தத் தட்டு எங்கே என்று தேடினால் கிடைக்காது. மணியின் உலோகக் குரல் மட்டும் மெல்ல எழுந்து, மினுங்கி, எட்டு நிமிடம் கழித்துத் தேய்ந்துபோகும்.

ஆம்பியன்ட் இசை செய்கிறவர்களுக்கு இது நன்கு பழகிய கருவி. தாளமும் மெட்டும் பின்னால் போய், ஒலியின் நிறமே முன்னால் நிற்கும் இசைக்கு அந்தப் பெயரை 1978இல் நிலைநாட்டியவர் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. அவர் அதைக் காந்த நாடாச் சுருள்களைக் கொண்டு செய்தார். இன்று அதே தேடலில் இறங்க ஒரு பழைய மடிக்கணினி போதும், பணம் வேண்டாம். ஆனால் ஒலியைச் சுருதி மாறாமல் நீட்டுவது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது, அதை இந்தக் கருவி எந்த வழியில் தாண்டியது என்பது தெரிந்துவிட்டால், பொத்தானை அழுத்துவதோடு நின்றுவிட மாட்டீர்கள்.

நாடாவை மெதுவாக ஓட்டினால் என்ன ஆகும் என்பது கேசட் காலத்தவருக்குத் தெரியும். பேட்டரி தீர்ந்துபோன டேப் ரெக்கார்டரில் பாடகரின் குரல் கரகரத்துக் கீழே இறங்கும். வேகம் பாதியானால் நொடிக்கு நிகழும் அதிர்வுகளும் பாதியாகும். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். பத்து மடங்கு மெதுவாக்கினால் 260 ஹெர்ட்ஸ் ஒலி 26 ஹெர்ட்ஸ் ஆகிவிடும், காதின் கீழ் எல்லையான 20 ஹெர்ட்ஸுக்கு மிக அருகில். நூறு மடங்கு என்றால் அது ஒலியே இல்லை.

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1967இல் ஒரு படைப்பைக் காகிதத்தில் எழுதி வைத்தார். பதிவு செய்த ஓர் ஒலியைச் சுருதியும் குரல்வண்ணமும் மாறாமல் படிப்படியாகப் பல மடங்கு மெதுவாக்க வேண்டும் என்பதே அதன் முழுக் குறிப்பு. அன்றைய கருவிகளால் அதை நிறைவேற்ற முடியவில்லை; அது யோசனையாகவே நின்றது. 2002இல் நார்வேக் கலைஞர் லைஃப் இங்கே, பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைச் சுருதி மாறாமல் 24 மணி நேரத்துக்கு நீட்டிக் காட்டினார். அதற்குள் கணினி வந்துவிட்டிருந்தது.

கணினியில் எளிய வழி ஒன்று உண்டு. ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை ஒட்டினால் நீளம் இரட்டிப்பாகும். துண்டுக்குள் அலைகள் மாறாததால் சுருதியும் மாறாது. காணொளிகளின் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும்போது குரல் கெடாமல் இருப்பது பெரும்பாலும் இந்த முறையின் நுட்பமான வடிவங்களால்தான். ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வரை அழகாக வேலை செய்யும். நூறு மடங்கு கேட்டால் ஒரே துண்டு நூறு முறை திரும்ப வரும். காதுக்கு அது துடிப்பாகவும் ரீங்காரமாகவும்தான் கேட்கும்.

இங்கேதான் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியர் வருகிறார். எந்த ஒலித் துண்டையும் பல தூய அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்பது அவர் வழி வந்த கணிதம். பிரித்தபின் ஒவ்வொரு அலையைப் பற்றியும் மூன்று செய்திகள் கையில் இருக்கும். அதன் அதிர்வெண் என்ன, வீச்சு எவ்வளவு, அது தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. மூன்றாவதுதான் கட்டம். 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியர் உருமாற்றம், இந்தப் பிரிப்பைக் கணினியால் மிக வேகமாகச் செய்யும்படி ஆக்கியது.

கட்டம் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓர் அரங்கில் நூறு பேர் ஒரே கணத்தில் கை தட்டினால் வெடி வெடித்தது போல் இருக்கும். அதே நூறு பேர் அதே பலத்தோடு, ஆனால் ஆளுக்கொரு கணத்தில் தட்டினால் மழை பெய்வது போல் இருக்கும். ஒலிக்குள் இருக்கும் அலைகளும் அப்படித்தான். அவற்றின் கட்டங்கள் ஒரு கணத்தில் ஒன்றுகூடினால் அங்கே ஒரு தட்டு, ஓர் அடி பிறக்கும். கட்டங்கள் சிதறினால் அதே அலைகள் அதே வலுவோடு இருந்தும் அடி மறைந்துவிடும். ஒலியில் 'என்ன' இருக்கிறது என்பதை வீச்சுகள் சொல்கின்றன. 'எப்போது' நடந்தது என்பதைக் கட்டங்கள் சொல்கின்றன.

அப்படியானால் கட்டங்களைக் கலைத்தால் ஒலி அடையாளம் தெரியாமல் போய்விடாதா? போகாது. நீடித்து ஒலிக்கும் ஓசையின் நிறத்தைக் காது பெரும்பாலும் வீச்சுகளைக் கொண்டே உணர்கிறது. கட்டங்களை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. 1843இல் கியோர்க் ஓம் சொன்ன கருத்து இது. மின்தடைக்கு அலகாகப் பெயர் தந்த அதே ஓம்தான்.

பால்ஸ்ட்ரெச்சை உருவாக்கிய, ருமேனியாவைச் சேர்ந்த நாஸ்கா ஒக்டாவியன் பால் இந்த இடத்தில் எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். அவருக்கு முன் இந்தத் துறையில் இருந்தவர்கள் நீட்டும்போது கட்டங்களை எப்படியாவது காப்பாற்றப் பாடுபட்டார்கள். பெல் ஆய்வகத்தில் 1966இல் உருவான ஃபேஸ் வோக்கோடர் என்ற முறை முதல் அந்த முயற்சிதான். நீட்டல் பெரிதாகப் பெரிதாக அதில் ஓர் உலோகக் கலக்கம் தங்கிவிடும். பால் கட்டங்களைக் காப்பாற்ற முயலவே இல்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, அவற்றின் இடத்தில் தற்போக்கு எண்களை, அதாவது குலுக்கலில் வருவது போன்ற எண்களை வைத்தார்.

வேலை நடக்கும் விதம் இதுதான். மூல ஒலியிலிருந்து கால் நொடி அளவுள்ள ஒரு சாளரம், அதாவது ஒரு துண்டு எடுக்கப்படுகிறது. வினாடிக்கு 44,100 மாதிரிகள் (அலையின் உயரத்தை அளந்த எண்கள்) கொண்ட பதிவில் அது ஏறத்தாழ 11,000 மாதிரிகள். அதன் இரு ஓரங்களும் மெல்லத் தேயும்படி மழுக்கப்படுகின்றன. பிறகு அது அலைகளாகப் பிரிக்கப்படுகிறது. வீச்சுகள் அப்படியே நிற்க, கட்டங்கள் மட்டும் 0 முதல் 360 பாகை வரை கண்டபடி மாற்றப்படுகின்றன. அலைகளை மறுபடி கூட்டினால் புதிய கால் நொடி ஒலி கிடைக்கும். இதை வெளியீட்டில் வைத்து, அடுத்த துண்டைப் பாதி மேலே ஏறும்படி வைக்க வேண்டும். வெளியீட்டில் ஒவ்வொரு அடியும் 0.125 நொடி; நூறு மடங்கு நீட்டலில் மூலத்தில் நகர்வதோ வெறும் 1.25 மில்லிநொடி. அடுத்தடுத்த சாளரங்கள் ஏறக்குறைய ஒரே ஒலியைத்தான் பார்க்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கட்டங்கள் புதிதாகக் கலைவதால், ஒரே நிறமுள்ள, ஆனால் ஒன்றுபோல் இல்லாத துண்டுகள் ஒன்றோடொன்று கரைகின்றன. அந்த மினுமினுப்பு இதிலிருந்து வருகிறது. பெரிய குழுப் பாடலில் யாரும் யாரோடும் அலைக்கு அலை ஒத்துப் பாடாதபோது ஏற்படும் அடர்த்தியும் இதே வகைதான்.

பால்ஸ்ட்ரெச் பெட்டியில் இரண்டு எண்கள் மட்டும் கேட்கப்படும். ஒன்று நீட்டல் மடங்கு. மற்றது டைம் ரெசல்யூஷன், அதாவது சாளரத்தின் நீளம். பலரும் முதல் எண்ணோடு மட்டும் விளையாடுகிறார்கள். இசையைத் தீர்மானிப்பது இரண்டாவது எண்.

சாளரம் கால் நொடி என்றால் அதனால் பிரித்துப் பார்க்க முடிந்த அதிர்வெண் இடைவெளி அதிகபட்ச நுட்பத்தில் 4 ஹெர்ட்ஸ். நடு ஸ்தாயியில் இது தாராளம்: 261.6 ஹெர்ட்ஸுக்கும் அடுத்த அரைச் சுரமான 277.2க்கும் இடையே 15 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. ஆனால் பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அடுத்த அரைச் சுரம் 58.3. இடைவெளி 3.3தான். கால் நொடிச் சாளரத்துக்கு இரண்டும் ஒரே சேறு. சாளரத்தை ஒரு நொடியாக்கினால் சுரங்கள் தெளியும், ஆனால் ஒரு நொடிக்குள் நடந்த எல்லாம் ஒன்றாகக் குழையும். நேரத்தைக் கூர்மையாகப் பார்த்தால் சுருதி மங்கும், சுருதியைக் கூர்மையாகப் பார்த்தால் நேரம் மங்கும். எந்த மென்பொருளும் இதைத் தாண்ட முடியாது. அலைகளின் இயல்பே அது. பாட்டின் வரியும் மெட்டும் தெரிய வேண்டுமானால் 0.1 நொடி அளவுக்கு வாருங்கள். அசையாத ஒலிப்படலம் வேண்டுமானால் இரண்டு, மூன்று நொடிக்குப் போங்கள்.

எதை நீட்டுவது? பேச்சை எடுத்துக்கொள்வோம். 'அம்மா' என்று சொல்லி நீட்டினால் அ, ம், ஆ மூன்றும் பிழைக்கும். உயிரும் மெல்லினமும் காற்றும் குரலும் தொடர்ந்து ஓடும் ஒலிகள். 'பட்டு' என்று சொல்லிப் பாருங்கள். ட்ட் என்பது ஒரு கண நேர அடைப்பும் அதன்பின் ஒரு சிறு வெடிப்பும். வெடிப்பின் உயிர் முழுக்கக் கட்டத்தில் இருப்பதால், அது சாளரம் முழுவதும் பரவி 'ஷ்' என்ற மூச்சாகிவிடும். வல்லினம் நிறைந்த சொற்கள் கரைந்து, மெல்லினமும் இடையினமும் நிறைந்தவை மிதக்கும்.

மேளங்களில் எனக்குப் பிடித்தது மிருதங்கம். சாதாரண வட்டத் தோலின் மேலிசைகள், அதாவது அடிப்படை ஒலியோடு கூடவே எழும் மேல் ஒலிகள், அடிப்படை அதிர்வெண்ணின் 1.59, 2.14, 2.30 மடங்குகளில் வரும். ஒன்றோடொன்று சேராத எண்கள். அவற்றை நீட்டினால் சுருதியில்லாத முழக்கமே மிஞ்சும். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) உள்ள கருப்புச் சாதம் என்ற பூச்சு தோலின் எடையை மாற்றி, அந்த மேலிசைகளை 1, 2, 3, 4, 5 என்ற முழுமடங்குகளுக்கு இழுத்து வருகிறது. சி.வி. ராமன் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 1920இல் நேச்சர் இதழில் எழுதியது இதைத்தான். ஆகவே 'தீம்' என்று ஒலிக்கும் ஒரே ஒரு தட்டை ஐம்பது மடங்கு நீட்டினால் அடி போய்விடும், சுருதி நிற்கும். தாள வாத்தியத்திலிருந்து ஒரு சுருதிப்பெட்டி பிறந்துவிட்டது போல.

ஒன்றில் கவனம் தேவை: பதிவில் மின்விசிறி இரைச்சல் இருந்தால் அதுவும் நீளும். நூறு மடங்கில் சாளரம் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்பதால், இரைச்சலில் அந்தக் கணத்தில் தற்செயலாக உயர்ந்திருந்த அதிர்வெண்கள் உறைந்துபோய்த் தண்ணீருக்கடியில் கேட்பது போன்ற கூவல்களாகும். சிலர் அதையே விரும்புகிறார்கள். வேண்டாதவர்கள் நீட்டுவதற்கு முன்பே நாய்ஸ் ரிடக்‌ஷனைப் பயன்படுத்துவது நல்லது. நீட்டியபின் லோ-பாஸ் ஃபில்டர் போட்டு உயர் அதிர்வெண்களைக் கொஞ்சம் தணிக்கலாம்.

ஒலி பரந்து விரிய இன்னொரு வழி, ஒற்றைத் தடப் பதிவை இரண்டு நகலாக்கித் தனித்தனியே நீட்டி, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் தருவது. நிறம் ஒன்று, கட்டங்கள் வேறு. ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் குறிக்க முடியாமல், அது அறை முழுக்க இருப்பதாகத் தோன்றும். ஹெட்போனில் கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

பால் ஏற்கெனவே 2002 முதல் ஸின்ஆட்சப்எஃப்எக்ஸ் என்ற கட்டற்ற சின்தசைசரை வெளியிட்டு வந்தவர். அதிலும் கட்டங்களைத் தற்போக்காக்கி அடர்த்தியான ஒலி செய்யும் ஒரு முறை இருக்கிறது. பால்ஸ்ட்ரெச்சின் பைத்தான் வடிவத்தை அவர் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொது உடைமையாகவே விட்டுவிட்டார். நூறு பேர் கைபட்டு நூறு கருவிகளுக்குள் அது போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அந்தத் தாராளம்.

நிரல் சிறியது, ஒரே அமர்வில் படித்துவிடலாம். அதில் கட்டங்களுக்குத் தற்போக்கு எண் தரும் வரியைக் கண்டுபிடித்து, அதை நீக்கி, பழைய கட்டங்களையே அப்படியே வைத்து ஓட்டிப் பாருங்கள். மணியின் 'டங்' திரும்பி வரும், ஆனால் நொடிக்கு எட்டு முறை வீதம் அதே துண்டாகத் திரும்பத் திரும்ப அதிரும். பிறகு 360 பாகைக்குப் பதில் 30, 90, 180 என்று எல்லையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அந்த அதிர்வு எந்த எண்ணில் கரையத் தொடங்குகிறது என்பது ஒலிக்கு ஒலி மாறும்.